ஐப்பசித் திருகோணமலை: மண்ணும் சட்டியும் ஒரு நாயும்

வெள்ளி

ரயில் கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்தபோது நான் நல்ல நித்திரை. கந்தளாயில் வடைக்காரர் ஏறிச் சத்தம் போட்ட பிறகுதான் கண் விழித்தேன். வெளிச்சம் வந்துவிட்டது, வெயில் இல்லை. அங்கிருந்து தம்பலகாமம் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டியாகிவிட்டது, உழவு இயந்திரம் சேற்றைக் கிளறிக்கொண்டு போக அதன் பின்னால் கொக்குகள் நடக்கின்றன, வரம்பில் ஒருவர் விதைநெல் சாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்று ரயிலைப் பார்க்கிறார். யன்னலை மூட மனம் வரவில்லை, தூறல் அடித்தால் அடிக்கட்டும் என்று சீனக்குடா வரைக்கும் அப்படியே இருந்தேன்.

புறப்படும்போது எல்லோரும் கேட்டார்கள், "இப்ப ஏன் திருகோணமலைக்குப் போறீர், சீசன் முடிஞ்சுதே" என்று. உண்மைதான், சித்திரை வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் ஆட்கள் வருவார்கள், அப்போது கடல் குளம் போலக் கிடக்கும், புறாமலைக்குப் படகு ஓடும். ஐப்பசி பிறந்தால் கச்சான் காற்று ஓய்ந்து காற்று வடகிழக்குப் பக்கம் திரும்பத் தொடங்கும், கடல் கலங்கும், நீர்கொழும்பு சிலாபப் பக்கத்தில் இருந்து வந்து வாடி போட்டிருந்த மீனவர்கள் மூட்டை கட்டுவார்கள், விடுதிகளில் பாதி அறை பூட்டிக் கிடக்கும். ஆனால் ஊர்க்காரருக்கு வருஷம் தொடங்குவதே இப்போதுதான். மழை வந்தால்தான் விதைப்பு, விதைப்பு வந்தால்தான் மற்ற எல்லாம். இந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதத்தில் வந்து பாருங்கள் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், இந்த முறை அதை ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

தங்குவது அலஸ்தோட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த கூட்டாளியின் வீடு. அவளுடைய அம்மாவை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கேற்றைத் திறந்ததும் முதலில் ஓடி வந்தது சூரன், மண்ணிற நாய், ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடிந்தும் இருக்கும். போன வருடம் சூரன் போர் பார்க்கப் போன இடத்தில், கோயில் மதிலோரம் நனைந்துகொண்டு நின்ற குட்டியை இவள் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள், அதனால் அந்தப் பெயர். பூனைக்குப் பெயர் முட்டி. தாய்ப்பூனை அதை ஈன்றதே குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய மண் முட்டிக்குள்ளேதான், இப்போது வளர்ந்து உடம்பு கொள்ளாமல் போனாலும் அதற்குள்ளேயே சுருண்டு படுக்கிறது.

இன்றைக்குத்தான் கந்தசஷ்டி விரதம் தொடக்கம். அம்மா விரதம், ஆகவே வியாழன் பாறணை வரைக்கும் வீட்டில் மீன் மணம் கிடையாது. தேத்தண்ணி குடித்து முடிக்குமுன்னமே என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "முதல்ல இதைப் பாருங்கோ பிள்ளை, பிறகு குளிக்கலாம்."

சனி

அலஸ்தோட்டத்து மண் என்பது மண் இல்லை, மணல். கடற்கரைக்கு நடந்து போகிற தூரம்தானே. மழை பெய்தால் ஒரு மணித்தியாலத்தில் தரை காய்ந்த மாதிரி இருக்கும், தண்ணீர் கீழே போகும்போது பசளையையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். இந்த மணலில் அம்மா முப்பது வருடத்துக்கு மேலாகக் கத்தரி, மிளகாய், பயற்றை, வெண்டி, பசளி, மரவள்ளி என்று எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். என்ன வழி என்று கேட்டால் கையைக் காட்டுகிறார், வேலியோரம் மலை போலக் குவிந்து கிடக்கிற தேங்காய்ப் பொச்சு.

காலை முழுக்க அதுதான் வேலை. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பொச்சை அடுக்க வேண்டும், குழிவான பக்கம் மேலே பார்க்க. அப்போதுதான் மழைத் தண்ணீர் ஒவ்வொரு பொச்சிலும் தங்கி நார் ஊறும். அதற்கு மேல் ஒரு அடுக்கு மணல், பிறகு மறுபடி பொச்சு, அதற்கு மேல் மாட்டெருவும் சருகும், வேலியில் நிற்கிற கிளிசரியாவை வெட்டி அதன் இலையும். மேலே மண் போட்டுப் பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட வேண்டும். இப்போது ஊறுகிற பொச்சு மழை நின்ற பிறகும், மாசி பங்குனி வரைக்கும் வேருக்கு ஈரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கடற்கரை மணலில் தோட்டம் செய்ய ஆசைப்படுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்குகிற எதுவும் இதற்குக் கிட்ட வராது.

பின்னேரம் நாற்று வேலை. இந்த வீட்டில் நாற்றுப் போடுவது தயிர்ச் சட்டியில். மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தயிர் மண்சட்டியில்தான் வரும், தின்று முடித்த சட்டிகளை ஒருவரும் எறிவதில்லை. அடியில் ஓட்டை போட வேண்டும், அதில்தான் நுட்பம் இருக்கிறது. சட்டியை முதல் நாள் இரவே தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும், காய்ந்த சட்டியில் ஆணி வைத்தால் நேராகப் பிளந்துவிடும். ஊறியதை எடுத்து உள்ளே ஈரமணல் இறுக்கி நிரப்பிக் கவிழ்த்து, அடியின் நடுவில் ஆணியின் முனையை வைத்து, சுத்தியலால் இல்லை, உள்ளங்கை அளவு கல்லால் மெல்லத் தட்டுகிறார் அம்மா. ஒரு தட்டு, ஆணியைக் கொஞ்சம் திருப்பு, இன்னொரு தட்டு. செம்மஞ்சள் தூள் ஆணியைச் சுற்றி வட்டமாகச் சேர்கிறது. சத்தம் மாறும்போது நிறுத்திவிடுகிறார், "டக் டக்" என்று வந்தது "டொக்" என்று அமுங்கும், அப்போது ஆணி மணலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு சட்டிகூட உடையவில்லை.

மிளகாயும் கத்தரியும் தூவி, மேலே சாம்பல் கலந்த மண் போட்டு, எறும்பு வராமல் சட்டியைச் சுற்றியும் சாம்பல். வெண்டி விதை இரவே ஊற வைத்தது, அது இரண்டு இரண்டாக. பயற்றை மட்டும் நேராகப் பாத்தியில், ஏனென்றால் பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. சூரன் ஒவ்வொரு குழியையும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. வேலியில் கார்த்திகைப்பூக் கொடி படர்ந்து முதல் மொட்டு விட்டிருக்கிறது, அதன் கிழங்கு கொடிய நஞ்சு, தோண்டுகிற பழக்கமுள்ள நாய் இருக்கிற வீடு என்பதால் அந்த மூலையை மட்டும் கம்பிவலை போட்டு அடைத்திருக்கிறார்கள். வீட்டில் நாய்க்குட்டி இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் டோர்ச் எடுத்துக்கொண்டு நத்தை பிடிக்கப் போனோம். ஆபிரிக்க நத்தை, முதல் மழைக்கே வெளியே வந்துவிடும், ஒரு இரவில் ஒரு பாத்தி நாற்றைத் தின்று முடித்துவிடும். கையில் பொலித்தீன் பையை உறை மாதிரிப் போட்டுக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளிக்குள். வெறுங்கையால் தொடக் கூடாது.

ஞாயிறு

கிண்ணியாவில் இருந்து இன்னொரு கூட்டாளி வந்தாள், பள்ளிக்கூட ரீச்சர், அவளும் எங்களோடு பேராதனையில் இருந்தவள். மூவரும் ஓட்டோவில் பட்டணத்துக்குப் போனோம். முதலில் சந்தை, பிறகு கோட்டை.

கோட்டைக்குள் மான்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையும் சேர்த்துக் கட்டிய கோட்டை, ஆங்கிலேயர் 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதன் உண்மையான சொந்தக்காரர் புள்ளிமான்கள்தான் என்று தோன்றும். பின்னேரமானால் அவை கோட்டை வாசலைத் தாண்டிப் பட்டணத்துக்குள்ளேயே வந்து கடற்கரைப் புல்லில் படுக்கும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நாங்கள் பார்த்த ஒரு பெண்மான் பாண் சுற்றி வந்த பொலித்தீனை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. ரீச்சர் மெல்லப் போய், கோவத்தோடு அது தலையை ஆட்ட ஆட்ட, நுனியைப் பிடித்து இழுத்து எடுத்தாள். பாதிதான் வந்தது. இதில் எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல எதுவும் இல்லை: மானுக்கு பிஸ்கட் கொடுக்காதீர்கள், பையை அங்கே போடாதீர்கள். அவை காட்டில் இருந்து வந்து போகிற விருந்தாளிகள் அல்ல, அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே சாகிறவை, பட்டணத்துக்காரர் பூனை நாயைப் பார்க்கிற மாதிரித்தான் அவற்றையும் பார்க்கிறார்கள்.

மலை ஏறிக் கோணேசரைக் கும்பிட்டோம். ரீச்சர் கோயிலுக்கு வெளியே, இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்றாள். இன்றைக்குக் கடல் பச்சையும் இல்லை நீலமும் இல்லை, சாம்பல். இறங்கி வரும்போது டச்சுக் குடாப் பக்கம் பார்த்து அலஸ்தோட்டத்துக் கூட்டாளி ஒரு கதை சொன்னாள், எனக்கு முன்பே தெரிந்த கதைதான், அவள் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கும். 1950இல் பட்டணத்தில் கிணறு வெட்டியபோது பூமிக்குள் இருந்து வெண்கலச் சிலைகள் வந்தன, கோயில் இடிபட முன்னம் யாரோ எடுத்து ஒளித்துப் புதைத்தவை, சோமாஸ்கந்தரும் அதில் ஒன்று. பிறகுதான் கோயிலைத் திரும்பக் கட்டுகிற வேலை வேகம் எடுத்து 1963இல் குடமுழுக்கு நடந்தது. முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தச் சிலைகளைப் பத்திரமாக வைத்திருந்தது இந்த மண். அம்மாவும் தோட்டத்தில் குழி வெட்டும்போது பழைய பானை ஓடு வந்தால் எறிவதில்லை, கிணற்றுக் கட்டில் வரிசையாக வைக்கிறார், கறுப்பும் சிவப்புமாக ஒரு பத்துப் பதினைந்து துண்டு சேர்ந்திருக்கிறது.

வரும் வழியில் வில்லூன்றிக் கந்தசுவாமி கோயிலில் விரதக்காரர் கூட்டம். பட்டணம் முழுக்கக் கற்பூர வாசமும் மழை வாசமும்.

திங்கள்

மழை. விடியும்போது தொடங்கி மதியம் கொஞ்சம் விட்டு, மூன்று மணிக்கு இடியோடு திரும்ப வந்தது. ஐப்பசியில் இப்படித்தான், பகலில் தரை சூடாகிப் பின்னேரம் இடி இடித்துக் கொட்டும், மார்கழியில் வாடை நன்றாக விழுந்த பிறகு இந்த இடி குறைந்துவிடும், மழை மட்டும் நாள் கணக்கில் நிற்கும். சூரனுக்கு இது புரியாது. முதல் இடிக்கே கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அதைத் திட்டவோ இழுக்கவோ கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். யன்னலைச் சாத்தி, விசிறியைச் சத்தமாகப் போட்டு, பழைய சாரத்தைக் கட்டிலுக்குக் கீழே விரித்துக் கொடுத்தோம். கரண்ட் போன பிறகு விசிறியும் இல்லை, இவள் தரையில் படுத்துக் கையைக் கட்டிலுக்குக் கீழே நீட்டிக்கொண்டே கதைத்துக்கொண்டிருந்தாள், அது அவளுடைய விரல்களை நக்கிக்கொண்டே இருந்தது. முட்டி தன்னுடைய முட்டிக்குள் நித்திரை.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி அவித்து, மாசிக் கருவாடு போடாத தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டோம். பிறகு தேத்தண்ணி கேட்டேன், வெறும் தேத்தண்ணிதான் வந்தது, மரவள்ளி தின்ற நாளில் இந்த வீட்டில் இஞ்சிக்கு இடமில்லை. இது எங்கள் பக்கம் எல்லா அம்மாமாருக்கும் உள்ள சட்டம்.

மழை என்றால் அம்மாவுக்கு 64ஆம் ஆண்டுப் புயல் ஞாபகம். மார்கழி 22, அப்போது அவர் சின்னப் பிள்ளை. அதே புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடிக்குக் கிட்ட ரயிலைக் கொண்டு போனது. வீட்டுக் கூரை பறந்த கதையை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், மெழுகுதிரி வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

செவ்வாய்

நான் காத்துக்கொண்டிருந்த நாள். தம்பலகாமப் பக்கம், பிரதான வீதியில் இருந்து உள்ளே இறங்கி வயல் வரம்போடு போனால் ஒரு குயவர் வீடு. அம்மா சட்டி வாங்குவது எப்போதும் அங்கேதான். வீட்டு ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், சக்கரத்தில் அவர், தட்டி எடுப்பது அவருடைய மனைவி, அவரை எல்லோரும் ஆச்சி என்கிறார்கள்.

தீபாவளி வேலை முடிந்து இப்போது விளக்கீட்டு வேலை. கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைப்பார்கள், மதிலில், கிணற்றடியில், மாட்டுக் கொட்டிலில், எருக் கும்பியில்கூட ஒரு சிட்டி, சின்ன மண் அகல், எரியும். ஆகவே இந்த ஒரு மாதத்தில் சிட்டிக்கு இருக்கிற தேவை வருடத்தில் வேறு எப்போதும் இல்லை, சட்டி செய்ய மிக மோசமான மாதமும் இதுதான். மண் காயாது. விறகு நனையும். வருமானம் வருகிற நேரம் பார்த்து வானம் மூடிவிடுகிறது.

மண் கோடையிலேயே எடுத்து வைத்தது. ஆவணியில் குளம் வற்றும்போது அடியில் இருக்கிற களி. அதை எடுக்க இப்போது அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்கு நடந்த நடையைச் சொல்லத் தொடங்கினால் ஐயாவின் குரல் உயர்ந்துவிடுகிறது, நான் அதில் அவர் பக்கம்தான். லொறி லொறியாக அள்ளுகிறவனுக்கும் வருடத்தில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மண் எடுக்கிற கிழவனுக்கும் ஒரே கடிதமா? கொண்டு வந்த களியை ஓலையால் மூடி வைத்து, வேண்டிய அளவை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் புளிக்க விட்டு, மெல்லிய மணல் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். மணல் சேராவிட்டால் காயும்போது வெடிக்கும், கூடினால் சக்கரத்தில் நிற்காது. அளவுக்குக் கரண்டி கிடையாது, ஐயா ஒரு துண்டைக் கிள்ளிக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்தார், நெறுநெறுவென்று எவ்வளவு கேட்கிறது என்பதுதான் கணக்கு.

சிட்டி செய்வதை நான் அரைமணி நேரம் குந்திக்கொண்டு பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய களிக் கும்பி, அதன் உச்சியில் மட்டும்தான் வேலை. இரண்டு பெருவிரலும் உள்ளே இறங்குகின்றன, கிண்ணம் விரிகிறது, சுட்டுவிரல் நுனியால் ஓரத்தில் ஒரே ஒரு அழுத்து, திரி வைக்கிற மூக்கு வந்துவிட்டது, இடது கையில் சுற்றியிருந்த நூல் அடியில் ஓடி அறுக்கிறது, சிட்டி பலகைக்குப் போகிறது. அடுத்தது. கதைத்துக்கொண்டேதான் செய்கிறார், 1986 சித்திரையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேல் சனம் செத்த இரவைப் பற்றிச் சொல்லும்போதும் விரல் ஒன்றையும் பிழைக்க விடவில்லை.

ஆச்சியின் வேலை அதைவிடக் கடினம் என்பது என் அபிப்பிராயம். சக்கரத்தில் இருந்து வருகிற சமையல் சட்டிக்கு அடி கிடையாது, வெறும் வளையம் மாதிரி வாயும் தோளும் மட்டும்தான். அது பாதி காய்ந்ததும் ஆச்சி மடியில் வைத்து, உள்ளே இடது கையில் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே தட்டையான பலகையால் தட்டித் தட்டி, சுவரில் இருக்கிற மண்ணையே கீழே இழுத்து அடியை மூடுகிறார். கல் இருக்கிற இடத்தைப் பலகை தேடிப் போய்ச் சரியாக அதன்மேல் விழுகிறது, கண் அங்கே இல்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவர் மெலிந்து வர வர சத்தம் உயர்ந்துகொண்டு போகிறது. இப்படித் தட்டிய அடி எல்லா இடமும் ஒரே கனமாக இருக்கும், அதனால்தான் நெருப்பில் நேராக வைத்தாலும் வெடிக்காது.

"நீங்கள் ஒன்று தட்டிப் பாருங்கோவன் பிள்ளை" என்று பலகையை நீட்டினார். வாங்கித் தட்டினேன். உள்ளே கல்லைப் பிடித்த மணிக்கட்டில்தான் எல்லா வேலையும் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. அந்தக் கைகளுக்கு எத்தனை வயது என்று கேட்கவில்லை, பதினைந்து வயதில் இருந்து செய்கிறாராம்.

மூன்று பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு பேத்தி மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சிட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வளைந்துவிடும். குசினி, விறாந்தை, கட்டிலுக்குக் கீழே எல்லாம் சிட்டிதான். வெயில் வந்தால் வெள்ளிக்கிழமை சூளைக்கு நெருப்பு வைப்போம், சனிக்கிழமை வாருங்கோ என்றார் ஐயா.

புதன்

சூரன் போர். பின்னேரம் மழை ஒதுங்கி நின்றது. கூட்டத்தில் நாயைக் கொண்டு போக முடியாது, ஆனால் திரும்பி வந்து அம்மா அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார், அதற்கு ஒரு வயது முடிந்துவிட்டதாம்.

வியாழன்

பாறணை முடித்துக் கிண்ணியாவுக்குப் போனோம். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். ரீச்சர் பள்ளிக்கூட நாட்களில் பாதைக்குக் காத்து நின்ற கதைகளை நான் பேராதனையிலேயே கேட்டிருக்கிறேன், மழை நாளில் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பாளாம், இப்போது ஓட்டோவில் இரண்டு நிமிடத்தில் அக்கரை.

அவளுடைய உம்மா எங்களுக்காகவே மீன் சமைத்து வைத்திருந்தார், பாரைக் குழம்பும் சூடை பொரியலும். சாப்பிட்டுவிட்டுத் தயிர் வாங்கப் போனோம். எருமைப் பாலைக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆற விட்டு, பழைய தயிர் கொஞ்சம் சேர்த்துச் சட்டியில் ஊற்றி, வாயைக் கடதாசியால் கட்டி வைத்தால் விடியும்போது உறைந்துவிடும். சட்டி இல்லாமல் இந்தத் தயிர் இல்லை. மண் தண்ணீரை உறிஞ்சிக் குடிப்பதால்தான் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத கட்டித் தயிர் வருகிறது, பிளாஸ்டிக் கோப்பையில் உறைய வைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு வித்தியாசம் ஒரு வாயிலேயே தெரியும்.

"புல் இப்ப நல்லா வந்திருக்குமே காக்கா, பால் கூடத்தானே?" என்று ரீச்சர் கேட்டாள்.

"புல் இருக்கு, ஆனா வயல் விதைச்சாச்சே. பட்டியை எங்க கொண்டு போறது?" என்றார் தயிர்க் காக்கா (காக்கா என்றால் அண்ணன்).

பெரும்போகம் தொடங்கினால் மாடுகளை வயல்களுக்குத் தூரமாகக் காட்டுப் பக்கம் சாய்க்க வேண்டும். மேய்ச்சல் தரை வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறது, விதைத்த வயலில் ஒரு எருமை இறங்கினால் பெரிய சண்டை. தம்பலகாமத்தில் ரயிலில் இருந்து நான் பார்த்து மகிழ்ந்த அதே விதைப்பு இங்கே இன்னொருவருக்குத் தலையிடியாக இருக்கிறது. அவரிடம் இரண்டு சட்டி வாங்கினோம், பாணியோடு ஒன்றை அங்கேயே முடித்துவிட்டோம்.

சனி

நேற்றும் இன்றும் வெயில். பதினொரு மணிக்கு ஐயா வீட்டுக்குப் போகும்போது சூளை இன்னும் கதகதவென்று இருந்தது.

முதல் நாள் காலையில் இருந்து மதியம் வரைக்கும் வெறும் புகைதான் போட்டார்களாம், சின்னச் சின்னச் சுள்ளி. மழைக் காலத்துச் சட்டியின் உள்ளே ஈரம் இருக்கும், அவசரப்பட்டு எரித்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் சட்டியைப் பிளந்துவிடும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் விறகும் பொச்சும், மேலே வைக்கோல் போட்டுச் சேறு பூசி மூடுவது. ஐந்நூறு அறுநூறு பாகைக்கு மேல் போனால் களியோடு பிணைந்திருக்கிற தண்ணீரும் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு எத்தனை மழையில் கிடந்தாலும் அது திரும்பக் களியாகாது. ஐயாவிடம் வெப்பமானி இல்லை. சேற்று வெடிப்புக்குள்ளால் தெரிகிற நிறத்தைப் பார்த்து, "செம்பரத்தம்பூ நிறம் வந்தால் போதும்" என்கிறார்.

மேல் ஓட்டை நீக்கினார்கள். சாம்பலுக்குள் கையை விட்டு ஒவ்வொரு சிட்டியாக எடுத்து ஆச்சி நகத்தால் சுண்டுகிறார், "கிண்" என்றால் வலது பக்கம், "டொக்" என்றால் இடது பக்கம். இந்த மழைக்கு இவ்வளவு "கிண்" வந்தது பெரிய காரியம் என்று பேத்தி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். வெடித்தவையும் வீண் போகாது, இடித்துத் தூளாக்கி அடுத்த மண்ணில் சேர்ப்பார்கள்.

நான் சிட்டி ஐம்பதும் ஒரு மீன் சட்டியும் எடுத்தேன், ஆச்சி தட்டிய சட்டி. பழக்குகிற முறையையும் சொல்லித் தந்தார்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற விட்டு, பிறகு கஞ்சித் தண்ணீரை அதில் மெல்லிய நெருப்பில் கொதிக்க விட்டு ஆற விட வேண்டும், துடைத்துக் காய வைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி இன்னொரு நாள் வைத்துவிட்டுத்தான் முதல் குழம்பு. கழுவும்போது சவர்க்காரம் வேண்டாம், மண் குடித்துவிடும், தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போதும்.

வீட்டுக்கு வந்தால் போன சனி போட்ட பயற்றை முழுக்க முளைத்து இரண்டிலை விட்டிருக்கிறது. வெண்டி சட்டிகளில் பெரும்பாலும் வந்துவிட்டது, கத்தரியும் மிளகாயும் இன்னும் இல்லை, அவை எப்போதும் சுணங்கித்தான் வரும். ஒரு பாத்தியின் ஓரத்தைச் சூரன் தோண்டியிருந்தது, அம்மா அதில் திரும்பப் பயற்றை போட்டுவிட்டு முள்ளுக் கிளை குத்தி வைத்தார். எனக்கும் ஒரு கடதாசிச் சுருளில் வெண்டி விதையும் பசளி விதையும் வந்தது, கொழும்பில் என் வெள்ளவத்தை மாடியில் தயிர்ச் சட்டியில் போட. சிட்டிகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி முடித்துவிட்டோம், இருபது எனக்கு, பத்து கீழ் வீட்டு அக்காவுக்கு, மிச்சம் கேட்கிறவர்களுக்கு. விளக்கீட்டுக்கு வேண்டுமென்றால் இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள், இன்னும் வேண்டுமென்றாலும் ஐயாவிடம் எடுத்து அனுப்ப அலஸ்தோட்டத்துக் கூட்டாளி சம்மதித்திருக்கிறாள். இரவு ரயிலுக்கு ஓட்டோ வந்துவிட்டது.